குளவி கொட்டினால்: கொழுந்து மலையிலிருந்து வைத்தியசாலை வரை செய்ய வேண்டியவை

மலையகத்தில் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு இந்தச் செய்தி மனப்பாடம். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதி. பொகவந்தலாவை, மஸ்கெலியா, லிந்துலை, அக்கரப்பத்தனை, பசறை என்று ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறும். பெரும்பாலானோர் அன்றைக்கோ மறுநாளோ வீடு வந்துவிடுகிறார்கள். ஒரு சிலர் வருவதில்லை. அவர்களில் சிலருக்கு வைத்தியசாலை வாசலைத் தொடும் முன்பே மூச்சு நின்றுவிடுகிறது. வேறு சிலர் இரண்டு மூன்று நாள் கழித்து, சிறுநீரகம் கெட்டுப்போய் இறக்கிறார்கள்.

குளவி கொட்டினால் கொட்டு வாங்கியவரும் சரி, சுற்றி நிற்பவர்களும் சரி, வலியைத்தான் பார்க்கிறார்கள். வலி பொல்லாததுதான், மறுக்கவில்லை. ஆனால் உயிரை எடுப்பது அதுவல்ல. முதல் கால் மணி நேரம் மூச்சைப் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு நாள் சிறுநீரைப் பார்க்க வேண்டும். வலிக்கு மருந்து கொடுப்பது இவற்றுக்கு இடையில் நடக்கிற வேலை. கீழே உள்ளவையும் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

எது கொட்டியது?

தோட்டத்தில் நாம் குளவி என்று சொல்வதில் இரண்டு வகை அடங்கும். உயரமான மரத்துக் கிளையிலும், பாறை இடுக்கிலும், பாலத்துக்கு அடியிலும் ஒற்றை அடையாக அரைவட்டத்தில் தொங்குவது பெரிய மலைத்தேனீ. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். சிகிரியாவில் ஏறுகிறவர்களைச் சத்தம் போடாதே என்று பலகை வைத்து எச்சரிப்பதும் இதற்காகத்தான். மற்றது, புதரிலோ கூரையிலோ மரக்கொப்பிலோ காகிதத்தில் செய்ததுபோல உருண்டையாகக் கூடு கட்டும் உண்மையான குளவி, சிங்களத்தில் தெபரா. கறுப்பு உடம்பில், வயிற்றுப் பக்கம் செம்மஞ்சள் பட்டி இருக்கும்.

வைத்தியத்தில் இந்த வேறுபாடு இரண்டு இடத்தில் உதவும். தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது தோலிலேயே அறுந்து நின்றுவிடும். தேனீ செத்துப்போகும், நஞ்சுப்பை மட்டும் துடித்துக்கொண்டே நஞ்சை உள்ளே செலுத்தும். தெபராவின் கொடுக்கு வழுவழுப்பானது. ஒன்றே பல தடவை கொட்டும், தோலில் எதையும் விட்டுப்போகாது. மலைத்தேனீ நூற்றுக்கணக்கில் வந்து மொய்ப்பதால் ஆபத்து. தெபராவோ சில பத்துக் கொட்டிலேயே சிறுநீரகத்தையும் இதயத்தையும் பதம் பார்க்கக்கூடியது. ஆகவே ஓடும் அவசரத்திலும் ஒரு கணம் பார்த்துவைத்தால் நல்லது. பார்க்க முடியாவிட்டாலும் பரவாயில்லை, தோலில் கொடுக்கு இருக்கிறதா என்பதே பிறகு சொல்லிவிடும். பிடித்துவரவோ அடித்துக் கொண்டுவரவோ போக வேண்டாம்.

முதல் வேலை: அந்த இடத்தை விட்டுப் போவது

கலைந்த கூட்டத்துக்குள் நின்றுகொண்டு முதலுதவி செய்ய முடியாது. ஒரு தேனீ கொட்டியதும் அந்த இடத்திலிருந்து வாழைப்பழம் போன்ற ஒரு வாசம் கிளம்பும். மற்றத் தேனீக்களுக்கு அதுதான் அழைப்பு. நின்று கையை வீசி அடித்தால் கொட்டும் கூடும், வாசமும் கூடும், கூட்டமும் கூடும்.

கூடையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட வேண்டும். தலையையும் முகத்தையும் கொங்காணியாலோ படங்காலோ மூடிக்கொள்ளுங்கள். கால் வைக்கும் இடம் தெரியுமளவுக்கு மட்டும் கண்ணைத் திறந்துவிடுங்கள். கொழுந்து மலையில் ஓடி விழுந்து காலை முறித்துக்கொண்டவர்களும் உண்டு. செடிகளுக்குள் குறுக்கே பாயாமல் பாதையைப் பிடித்து, கதவு மூடக்கூடிய இடத்துக்குப் போங்கள்: லயத்துக் காம்பரா, கொழுந்து மடுவம், லொறியின் முன் பக்கம். மலைத்தேனீ நூற்றுக்கணக்கான மீற்றர் துரத்தி வரும். ஆற்றிலோ குளத்திலோ குதிப்பது வீண். தலை மேலே வரும்வரை அவை அங்கேயே சுற்றும்.

ஓட முடியாத வயோதிபர், வயிற்றுப் பிள்ளைக்காரி, விழுந்துவிட்டவர் என்றால் படங்கால் உடம்பு முழுவதையும் மூடி, முகத்தை உள்ளே வைத்துக் குப்புறக் குனிந்திருக்கச் செய்யுங்கள். உதவிக்குப் போகிறவரும் கம்பளியோ தடித்த சாக்கோ போர்த்திக்கொண்டுதான் போக வேண்டும். ஒருவரைத் தூக்கப் போய் மூன்று பேர் கொட்டு வாங்கினால் ஓர் அம்புலன்ஸ் போதாமல் போய்விடும். புகை போடுவது தேன் எடுக்கிறவர்களுக்குக் கைவந்த வேலை. பழக்கமில்லாதவர் கூட்டுக்குக் கீழே நெருப்பு மூட்டினால் மிச்சமிருப்பதும் கலையும்.

இரண்டாவது: கொடுக்கை எடுப்பது

பாதுகாப்பான இடத்துக்கு வந்தவுடனே இது. நஞ்சுப்பையில் உள்ளதில் பெரும் பகுதி ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். "கிள்ளி எடுக்காதே, பை நசுங்கி நஞ்சு கூடப் போகும், அட்டையால்தான் சுரண்ட வேண்டும்" என்று பலரும் சொல்வார்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்று சோதித்துப் பார்த்தே சொல்லிவிட்டார்கள். நகத்தால் கிள்ளுங்கள், சுரண்டுங்கள், கையில் கிடைத்ததால் தட்டிவிடுங்கள். அட்டை தேடி அரை நிமிடத்தை வீணாக்காதீர்கள்.

தலைமயிருக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் கழுத்துப் பட்டியின் அடியிலும் நிறையத் தங்கியிருக்கும். கொண்டையை அவிழ்த்துச் சீப்பால் வாருங்கள். சட்டைக்குள் உயிரோடு தேனீ இருக்கிறதா என்று உதறிப் பாருங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கால் சங்கிலி எல்லாவற்றையும் இப்போதே கழற்றிவிட வேண்டும். ஒரு மணி நேரம் போனால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். பிறகு சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள்.

ஏறத்தாழ எத்தனை கொட்டு என்று எண்ணிக்கொள்ளுங்கள். நிறைய இருந்தால் ஒரு கையில் உள்ளதை மட்டும் எண்ணி, மிச்சத்தை அதை வைத்துக் கணக்குப் போட்டால் போதும். வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் அதுதான்.

மூன்றாவது: மூச்சைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரமிருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

நஞ்சு உடம்பைத் தாக்குவது ஒன்று. உடம்பு நஞ்சைக் கண்டு வெறிகொண்டு தன்னையே தாக்கிக்கொள்வது வேறொன்று. இரண்டாவதைத்தான் கடும் ஒவ்வாமை என்கிறோம், ஆங்கில மருத்துவத்தில் அனபிலக்சிஸ். இதற்கு நூறு கொட்டு வேண்டியதில்லை, ஒரே ஒரு கொட்டே போதும். முன்பு பல தடவை கொட்டு வாங்கி ஒன்றும் ஆகாதவருக்கும் இந்தத் தடவை வரலாம். "எனக்குப் பழகிப்போச்சு" என்ற பேச்சை நம்பி யாரையும் தனியாக விடக் கூடாது. பூச்சிக் கொட்டால் வரும் கடும் ஒவ்வாமையில் இதயம் நின்றுபோகிறவர்களுக்குப் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள்ளேயே அது நடந்துவிடுகிறது.

கொட்டின இடத்தில் மட்டும் வீக்கம், சிவப்பு, எரிச்சல் இருந்தால் அது சாதாரணம். கொட்டாத இடத்தில் ஏதாவது தெரிந்தால் எச்சரிக்கை. உடம்பெங்கும் தடிப்பு எழும்புவது, உள்ளங்கையும் பாதமும் அரிப்பது, உதடும் நாக்கும் கண்ணிமையும் வீங்குவது, குரல் கரகரப்பது, தொண்டை அடைப்பது, எச்சில் விழுங்க முடியாமை, மூச்சு இழுப்பு, வாந்தி, வயிற்றைப் பிசைந்து பேதி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, "எனக்கு என்னவோ செய்யுது, நான் போயிருவேன்" என்ற காரணமில்லாத பயம். கடைசியில் உள்ளதைப் பயந்த சுபாவம் என்று சிரித்துத் தள்ளாதீர்கள், அதுவும் அறிகுறிதான். சிலருக்குத் தடிப்பே வராது. எழும்பி நின்றவர் அப்படியே சரிந்துவிடுவார்.

இதற்கு மருந்து ஒன்றே ஒன்று: அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட வேண்டும். பெரியவர்களுக்கு 1000இல் 1 பங்கு செறிவுள்ள மருந்தில் 0.5 மில்லிலீற்றர், 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 0.3, அதற்கும் சிறிய பிள்ளைக்கு 0.15. குணம் தெரியாவிட்டால் 5 நிமிடம் கழித்து மீண்டும் போடலாம். இதைப் போடுவது பயிற்சி பெற்றவரின் வேலை. ஆனால் இதைத்தான் தேடிப் போகிறோம் என்பது கூட்டிப்போகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தோட்டங்களில் அதிகம் நடக்கும் தவறு, ஒரு பிரிட்டோன் குளிசையைக் கொடுத்து, "கொஞ்ச நேரம் படு, சரியாகிரும்" என்று விடுவது. பிரிட்டோன், செட்டிரிசின் போன்றவை அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும். மூச்சுக் குழாய் அடைப்பதையும் இரத்த அழுத்தம் விழுவதையும் அவை நிறுத்தாது. ஹைட்ரோகோர்ட்டிசோன் ஊசியும் அப்படித்தான், வேலை செய்யவே பல மணி நேரம் எடுக்கும். மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் குளிசையோடு காத்திருக்கக் கூடாது.

நான்காவது: நடக்க வைக்காமல் கொண்டுபோவது

மலையகத்துக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டியது இது. கொட்டு வாங்கியவரை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து, மலையிலிருந்து வீதி வரைக்கும் நடத்திக் கூட்டிவருவதுதான் வழக்கம். கடும் ஒவ்வாமையில் இரத்தக் குழாய்கள் தளர்ந்து இரத்தம் காலில் தேங்கிவிடும். அந்த நிலையில் எழுப்பி நிறுத்தினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் வற்றி, நின்ற இடத்திலேயே இதயம் நின்றுபோகலாம். அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் எழும்பியதும் விழுந்து இறந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் நிறைய உண்டு.

மல்லாக்கப் படுக்க வைத்து, காலைக் கொழுந்துப் பையின் மீது உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறல்தான் பெரிதாக இருந்தால் சாய்ந்து உட்காரலாம், காலை மட்டும் நீட்டியபடி இருக்கட்டும். வாந்தி எடுத்தாலோ நினைவு மங்கினாலோ இடப்பக்கம் ஒருக்களித்து. கர்ப்பிணிக்கும் இடப்பக்கம்தான். தூக்குவதற்கு இரண்டு கம்பும் ஒரு தடித்த படங்கும் போதும். நான்கு பேர் தூக்கினால் படிக்கட்டுப் பாதையிலும் படுத்த நிலையிலேயே கீழே கொண்டுவரலாம்.

இதற்கிடையில் ஒருவர் 1990க்கு அழைக்க வேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பல மலைகளில் சிக்னல் கிடைக்காது. எந்த மேட்டில் கிடைக்கும் என்று தெரிந்த ஒருவரை அங்கே அனுப்புங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த வீதிச் சந்தியில் ஆள் நிற்பார், எத்தனை பேருக்குக் கொட்டியது, மூச்சுத் திணறுகிறதா என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். அம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் தோட்டத்து லொறியோ முச்சக்கர வண்டியோ பாதி வழிக்குக் கொண்டுபோகட்டும். முச்சக்கர வண்டியில் நிமிர்ந்து உட்கார வைக்காதீர்கள். பின் இருக்கையில் படுக்க வைத்து, ஒருவர் காலை மடியில் ஏந்திக்கொள்ளலாம்.

எங்கே போவது? அட்ரினலின் இருக்கும் ஆகக் கிட்டிய இடத்துக்கு. "சின்ன ஆஸ்பத்திரியில என்ன இருக்கு, நேரா நுவரெலியாவுக்கே போவோம்" என்பது பெரிய மனதோடு எடுக்கும் பிழையான முடிவு. பக்கத்திலுள்ள பிரதேச வைத்தியசாலையில் ஊசியைப் போட்டு, சேலைன் ஏற்றி, நிலைப்படுத்திவிட்டு டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ நாவலப்பிட்டிக்கோ அவர்களே மாற்றி அனுப்புவார்கள்.

நினைவில்லை, மூச்சும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அமுக்குங்கள். உதவி வரும்வரை நிறுத்தாமல், ஆள் மாறி மாறி.

வலிக்கு

ஒன்றிரண்டு கொட்டு, மேலே சொன்ன எந்த அறிகுறியும் இல்லை என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். முதல் ஒரு மணி நேரம் மட்டும் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

முதலில் குளிர். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10, 15 நிமிடம் வைத்து, எடுத்து, மறுபடி வையுங்கள். நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். லயத்தில் எல்லா வீட்டிலும் குளிர்சாதனப் பெட்டி இருக்காது; ஆனால் பீலித் தண்ணீர் இருக்கிறது. மலையில் அந்தத் தண்ணீரின் குளிரே போதும், துணியை நனைத்து நனைத்துப் போடலாம். கையிலோ காலிலோ கொட்டியிருந்தால் தலையணை வைத்து உயர்த்தி வையுங்கள், விண்விண் என்று தெறிப்பது குறையும்.

பிறகு பரசிட்டமோல், நாம் பெனடோல் என்று வாங்குவது. 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளுக்கு 8க்கு மேல் கூடாது என்பதுதான் பெட்டியில் இருக்கும் கணக்கு. அது நல்ல உடம்புள்ளவர்களுக்கான கணக்கு. தோட்டத்தில் 40 கிலோ எடையுள்ள அம்மாமார் எத்தனையோ பேர். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று போட்டால் அவர்களுக்கு ஒரு தடவைக்கு 600 மில்லிகிராம்தான் வரும், அதாவது ஒரு குளிசைக்குச் சற்றுக் கூட. ஆகவே ஒன்றே போதும். ஈரல் நோய் உள்ளவர்களும், தினமும் குடிப்பவர்களும் வைத்தியரைக் கேட்டுவிட்டு எடுங்கள். பிள்ளைகளுக்குப் பாணி மருந்து, எடைக்கு ஏற்றபடி.

அரிப்புக்கும் வீக்கத்துக்கும் செட்டிரிசின் 10 மில்லிகிராம், பெரியவர்களுக்கு நாளுக்கு ஒன்று. பிரிட்டோன் 4 மில்லிகிராமும் கேட்கும், ஆனால் நன்றாகத் தூக்கம் வரும். அதைப் போட்டுக்கொண்டு மலை ஏறுவதும் முச்சக்கர வண்டி ஓட்டுவதும் வேண்டாம். 1 வீத ஹைட்ரோகோர்ட்டிசோன் கிறீமைக் கொட்டின இடத்தில் மெல்லியதாகப் பூசலாம்.

டைக்குளோஃபெனக், இபுபுரூஃபன் போன்ற கடும் வலி மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கொட்டுக்கு ஒரு இபுபுரூஃபன் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பல கொட்டு வாங்கியவருக்கு இவற்றைக் கொடுக்கவே கூடாது. ஏற்கெனவே நஞ்சோடு போராடும் சிறுநீரகத்துக்கு இவை கூடுதல் அடி. பின்வழியாக வைக்கும் டைக்குளோஃபெனக் மருந்தும் இதே வகைதான். வலி தாங்க முடியாவிட்டால் வைத்தியசாலையில் வேறு மருந்து இருக்கிறது.

இனி, கைவைத்தியம். வெற்றிலைப் பையில் சுண்ணாம்பு இருப்பதால் அதைத்தான் முதலில் அப்புகிறார்கள். சுண்ணாம்பு காரம், ஏற்கெனவே வீங்கிய தோலைப் பொசுக்கும். மண்ணெண்ணெய், சாணி, பிளேடால் கீறி இரத்தம் எடுப்பது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாம் கெடுதல் மட்டுமே. வெங்காயத்தைத் தேய்ப்பதால் தீமை இல்லை, நன்மையும் பெரிதாக இல்லை. அதற்காக மூச்சைக் கவனிக்கும் நேரத்தை இழக்காமல் இருந்தால் சரி. வினாகிரி ஊற்றச் சொல்லும் யோசனை கடற்கரையிலிருந்து மலை ஏறியது. சில வகைச் சொறிமுட்டைகள் (ஜெல்லிமீன்கள்) உடம்பில் ஒட்டினால், இன்னும் வெடிக்காத கொட்டும் அணுக்களை வினாகிரி அடக்கும், அதனால் அங்கே அது முறையான முதலுதவி. குளவி கொட்டியபின் நஞ்சு தோலுக்குள் போய்விடுகிறது, மேலே வினாகிரி ஊற்றி அதைப் பிடிக்க முடியாது.

வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டியிருந்தால் ஒரு கொட்டானாலும் ஐஸ் கட்டியைச் சூப்பவிட்டபடியே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கண்ணில் கொட்டினால் கசக்காமல், சுத்தமான தண்ணீரால் கழுவி, கண் வைத்தியரிடம். கருவிழியில் நிற்கும் கொடுக்கை வீட்டில் எடுக்க முயலாதீர்கள்.

கொட்டு நிறைய என்றால்: சிறுநீரைப் பாருங்கள்

ஒவ்வாமை இல்லாவிட்டாலும், கொட்டுகள் கூடினால் நஞ்சின் அளவே ஆபத்து. பெரியவர் ஒருவருக்கு 50 கொட்டுக்கு மேல் என்றால், அவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் வைத்தியசாலையில் தங்கவே வேண்டும். பிள்ளைகள், வயோதிபர், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், தெபரா கொட்டியவர்கள் என்றால் அதைவிடக் குறைந்த எண்ணிக்கைக்கே.

நஞ்சில் உள்ள புரதங்கள் சிவப்பணுக்களையும் தசையையும் உடைக்கின்றன. உடைந்த கழிவு சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது. முதல் நாள் நன்றாக இருந்தவருக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் சாயத்தண்ணி (பால் விடாத தேநீர்) நிறத்தில் போகும், பிறகு குறையும், பிறகு நிற்கும். "வலி குறைஞ்சிருச்சு, பேரு (நாள் சம்பளம்) போயிரும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வார்டிலிருந்து வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு நாள் சம்பளம் எவ்வளவு பெரிது என்று தெரியாமல் சொல்லவில்லை. ஆனால் சிறுநீரகம் கெட்டால் கண்டிக்கும் பதுளைக்கும் அலையும் செலவு அதைவிடப் பெரிது.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். குளவி நஞ்சுக்குப் பாம்புக்கடிக்கு இருப்பதுபோல் நஞ்சுமுறி ஊசி கிடையாது. சேலைன் ஏற்றி சிறுநீரை ஓடவைப்பார்கள், மணிக்கு மணி சிறுநீரை அளப்பார்கள். இரத்தத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம், தசை உடைந்ததைக் காட்டும் சீபிகே, ஈரல் அளவுகள் பார்ப்பார்கள். நெஞ்சுவலி என்றால் ஈசிஜி எடுப்பார்கள். கொட்டைத் தொடர்ந்து மாரடைப்பு வருவது உண்டு, அதனால் நெஞ்சு இறுகுவதைச் சொல்லாமல் மறைக்காதீர்கள். சிறுநீரகம் நின்றுவிட்டால் இரத்தச் சுத்திகரிப்பு வசதியுள்ள பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவார்கள். சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்குச் சிறுநீரகம் பழையபடி வேலை செய்யத் தொடங்கிவிடும்.

கடும் ஒவ்வாமை வந்து அடங்கியவரையும் பொதுவாக ஒரு நாள் வைத்துப் பார்ப்பார்கள். காரணம், சிலருக்கு மருந்தின் வேகம் குறைந்தபின் மறுபடி அதே நிலை திரும்பும்.

கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள். அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் அட்டெனொலோல், புரொப்பிரனொலோல் போன்ற குளிசைகள் அட்ரினலினை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம். அது முன்கூட்டியே தெரிந்தால் வைத்தியர் மாற்று மருந்தோடு ஆயத்தமாக இருப்பார். ஆஸ்துமாவையும் கட்டாயம் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

கொட்டின இடம் இரண்டாம் நாள் இன்னும் பெரிதாக வீங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சிலருக்கு 10 சென்ரிமீற்றருக்கு மேல் பரவி, முழங்கை வரை, முழங்கால் வரை ஏறி, ஒரு வாரம் பத்து நாள் எடுத்துத்தான் வடியும். இது பெரும்பாலும் கிருமித் தொற்று அல்ல, அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்கத் தேவையில்லை. மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி கூடுவது, சீழ், காய்ச்சல், சிவப்புக் கோடு மேலே ஓடுவது என்று இருந்தால் அது தொற்று, காட்ட வேண்டும். ஏற்பூசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு வருடக்கணக்காகிவிட்டால் அதையும் கேளுங்கள்.

சிறுநீரின் நிறத்தைக் குறைந்தது இரண்டு நாள் கவனியுங்கள். ஒன்று, இரண்டு வாரம் கழித்து மூட்டு வலி, காய்ச்சல், தடிப்பு வந்தால் அதையும் குளவிக் கொட்டோடு சேர்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள். தாமதமாக வரும் ஒவ்வாமை அப்படித்தான் இருக்கும்.

ஒரு தடவை கடும் ஒவ்வாமை வந்த பெரியவருக்கு அடுத்த கொட்டில் மறுபடி வர ஏறத்தாழ பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவர் பெயரை பெரட்டில் (காலையில் வேலை பிரிக்கும் இடத்தில்) எல்லாருக்கும் தெரியும்படி சொல்லிவைக்க வேண்டும். கூடு இருக்கும் மலைக்கு அவரை அனுப்பக் கூடாது. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. கணக்கப்பிள்ளையிடம் வைத்தியரின் கடிதத்தையே காட்டலாம்.

கூடு கலைவதற்கு முன்

மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம் மாறும், ஆனால் அதே மரத்துக்கு மீண்டும் மீண்டும் வரும். போன வருடம் கூடு இருந்த மரம் எது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அதைக் காகிதத்தில் குறித்து அலுவலகத்தில் கொடுத்து, அந்த மலையில் வேலைக்கு விடும் முன் கங்காணி ஒரு சுற்றுப் பார்த்துவருவது பெரிய வேலையல்ல. பருந்து கூட்டைக் கொத்துவது, பெருங்காற்று, குரங்கு, புல்வெட்டும் இயந்திரத்தின் அதிர்வு, பிள்ளைகள் எறியும் கல், இவைதான் வழக்கமாகக் கலைப்பவை. பருந்தை நாம் தடுக்க முடியாது; இயந்திரத்தையும் கல்லையும் தடுக்கலாம்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: அட்ரினலின் ஊசி இருக்கிறதா, அதன் திகதி முடிந்துவிட்டதா, ஞாயிற்றுக்கிழமை அந்த அலுமாரியின் சாவி யாரிடம்? சங்கத் தலைவர்கள் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது சம்பளத்தோடு இதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். ஒரு சிறு குப்பியின் விலை பெரிதல்ல, அது இல்லாத கால் மணி நேரம்தான் பெரிது.

வேலை நேரத்தில் கொட்டியிருந்தால் அது வேலைத்தள விபத்து. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் பொருந்தும். அன்றைக்கே தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் பதியச் செய்யுங்கள். எந்த மலை, எத்தனை மணி, யார் யார் கூட இருந்தார்கள் என்று. வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தரும் நோய் நிர்ணய அட்டையில் குளவிக் கொட்டு என்று எழுதியிருக்கிறதா என்று வாசலைத் தாண்டும் முன் வாசித்துப் பார்த்து, ஒரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள்.